நேரில் அறிந்தவன்

பாங்கிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டபோது பகவதிப்பெருமாளின் தலையில் முடி ஒரு விரல்கடைகூட வளர்ந்திருக்கவில்லை. அண்ணனின் கருமாதிக்கு மழித்த தலை. ஆரியசாலையில் கொப்பரைக் கிட்டங்கிக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்ன வீட்டின் வாசலில் நின்றபடியே பியூன் சங்கதியைச் சொன்னான். ஏஜெண்ட் வரச்சொல்லியிருக்கிறார், நாளைக் காலையில், ஜோலி விஷயம். உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த சிவகாமியம்மாள் கையை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டாள். மகனைப் பார்த்து, "போயிட்டு வா," என்று மட்டும் சொன்னாள்.

அண்ணன் குற்றாலலிங்கம் அந்த பாங்கில் கிளார்க்காக இருந்தவன். கும்ப மாசத்தில் காய்ச்சல் என்று படுத்தான். டைபாய்டு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தேறிவிடும் என்றும் சொன்னார்கள். பகவதிப்பெருமாள் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுக் கூடவே கிடந்தான். ஒருநாள் விடியற்காலையில் காப்பி வாங்கப் போய்த் திரும்பியபோது நர்ஸ் வெள்ளைத் துணியை முகத்துக்கு மேல் இழுத்துவிட்டிருந்தாள். வாங்கி வந்த காப்பியை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தூக்குப் பாத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

அதற்குப் பிறகு அவனுக்கு அழுகை வரவில்லை. வரும் என்று உறவுக்காரர்கள் காத்திருந்தார்கள். கொள்ளி வைக்கும்போது வரும் என்றார்கள், முடி இறக்கும்போது வரும் என்றார்கள். வரவில்லை. பையனுக்குக் கல்லுமனசு என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. இருக்கலாம் என்றுதான் அவனுக்கும் பட்டது. அடுத்த மாசம் காமர்ஸ் கடைசி வருஷப் பரீட்சை. போய் எழுதினான். ஹாலில் மற்றப் பையன்கள் அவன் தலையைப் பார்த்தார்கள், பிறகு தங்கள் பேப்பரைப் பார்த்துக்கொண்டார்கள்.

அப்பா என்றோ போய்விட்டவர். அண்ணன் சம்பளத்தில் ஓடிய வீடு அது. பூதப்பாண்டியிலிருந்து மாமா வந்து, வீட்டைக் காலி செய்துவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி அக்காளைக் கூப்பிட்டார். கூப்பிட்ட குரலில் குறையொன்றும் இல்லை. ஆனால் சிவகாமியம்மாளுக்குத் தம்பி பெண்டாட்டியின் அடுக்களை எப்படிப்பட்டது என்று தெரியும். மாமாவின் இலையில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். அந்த வாரம்தான் பாங்கிலிருந்து ஆள் வந்தது.

அந்தக் கிளைக்குப் பெரியவரான ஏஜெண்ட் கோட்டயத்துக்காரர். மலையாளத்தில் நாலு வார்த்தை பேசிவிட்டுத் தலைமைக் கிளார்க்கிடம் ஒப்படைத்தார். தலைமைக் கிளார்க் அருமைநாயகம் நெய்யூர்க்காரர், சர்ச்சுக்குப் போகும் வேதக்காரர், அண்ணனுக்கு அடுத்த மேஜையில் இருந்தவர். அவர்தான் விளக்கிச் சொன்னார். கல்லூரி திறந்து ரிசல்ட் வரும்வரை அப்ரண்டிசாக இருந்து வேலை பழகவேண்டியது. சம்பளம் கிடையாது. ஒழுங்காக இருந்தால் அண்ணன் நாற்காலியை அவனுக்கே கொடுக்கச் சொல்லி ஏஜெண்ட் ஹெட் ஆபீஸுக்கு எழுதுவார். ஏதாவது புகார் போனால் பிறகு ஒருத்தரும் ஒன்றும் செய்ய முடியாது.

"கேட்டியாடே? வாய்க்கும் கைக்கும் சோலி கொடுக்காண்டாம். கண்ணுக்கு மட்டும் கொடு," என்றார் அருமைநாயகம்.

வீட்டில் வந்து சொன்னான். அம்மை பூதப்பாண்டிக்கு ஒரு கார்டு எழுதச் சொன்னாள். கர்க்கடக மாசம் கழிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினான்.

சாலைக் கடைத்தெருவில் மாடியில் இருந்தது பாங்கு. கீழே வற்றல் மிளகாய் மண்டி. காற்று திரும்பினால் கவுண்டரில் நிற்பவர்கள் ஒவ்வொருவராகத் தும்முவார்கள். அப்ரண்டிசுக்கு ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்கள். அண்ணனின் நாற்காலி பக்கத்திலேயே காலியாகக் கிடந்தது. அதில் யாரும் உட்காரவில்லை. போகப்போக அதன்மேல் பழைய கட்டுகளை வைக்க ஆரம்பித்தார்கள். சாயங்காலம் எடுத்து மேஜையில் வைப்பார்கள், காலையில் மறுபடி நாற்காலியில் வைப்பார்கள்.

தபால் பிரிக்க, நகல் எடுக்க, செக்கில் இருக்கும் கையெழுத்தை மாதிரிக் கையெழுத்து அட்டையோடு ஒத்துப்பார்க்க, எல்லாம் பழகினான். ஒரு தடவை சொன்னால் போதும். மனசில் வேறு ஒன்றும் ஓடாத ஆளுக்கு அந்த வேலை சுலபமாக இருந்தது. இரண்டு கையெழுத்துகளை அருகருகே வைத்துக்கொண்டு வளைவையும் சுழிப்பையும் பார்த்துக்கொண்டிருக்கும்போது உலகத்தில் வேறு எதுவும் இருப்பதாக நினைக்கவேண்டிய அவசியம் இல்லை. ஏஜெண்ட் இரண்டு தடவை நல்லது என்று சொன்னார்.

அந்த பாங்கில் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் கதவு திறப்பதற்கு முன் ஒருவர் மலையாளப் பேப்பரில் சரமம் என்று தலைப்பிட்டு வரும் பத்தியை வாசிப்பார். பத்மநாபபுரம் தொட்டுப் பறவூர் வரைக்கும் செத்தவர்கள் பேர் அதில் இருக்கும். பேர்களை அட்டைப் பெட்டியோடு ஒத்துப் பார்த்து, இறந்தவர் பாங்கில் கணக்குள்ளவர் என்றால் அவர் அட்டையை உருவி, குறுக்கே சிவப்பு முத்திரை குத்தி, தனியாக உள்ள தகரப் பெட்டியில் போடவேண்டும். கணக்குக்காரர் செத்த பிறகு அவர் செக்குக்குப் பணம் கொடுத்துவிட்டால் அந்த நஷ்டம் பாங்கின் தலையில்தான். அதற்காகத்தான் இந்த முன்னேற்பாடு. அதை ஆரம்பித்து வைத்ததும் அத்தனை வருஷமாகச் செய்து வந்ததும் குற்றாலலிங்கம். அவன் போன பிறகு யாருக்கும் அந்த வேலை பிடிக்கவில்லை. ஆளுக்கொரு நாள் வாசித்தார்கள், சில நாள் வாசிக்காமலே விட்டார்கள்.

"நான் பாக்கேன் சார்," என்றான் பகவதிப்பெருமாள்.

அருமைநாயகம் அவன் தலையைப் பார்த்தார். "வேண்டாம்டே. ஒனக்கு என்னத்துக்கு இந்தச் சோலி? வேற ஆருக்காவது கொடுக்கேன்."

"எனக்கு ஒண்ணும் இல்லை சார்."

உண்மையாகவே ஒன்றும் இல்லை. செத்தவர்களின் பேர்கள் அவனுக்கு வெறும் பேர்களாக இருந்தன. முத்திரையைக் கோணாமல் குத்துவான். அவன் குத்திய முத்திரைகளில் மை தீற்றியது ஒன்றுகூட இருக்காது.

ஒரே ஒரு தொல்லை இருந்தது. அட்டைகளை இங்கிலீஷ் அகரவரிசையில் அடுக்கியிருந்தார்கள். பாங்கு உத்தியோகஸ்தர்களின் சொந்தக் கணக்கு அட்டைகளும் அதில்தான். முதல் வாரம் கரீம் என்று ஒரு கடைக்காரர் அட்டையைத் தேடியபோது, கே எழுத்துக் கட்டில் நாலைந்து அட்டை தள்ளி, அண்ணனின் அட்டை இருந்தது. முத்திரை இல்லாமல், உயிரோடு இருப்பவர்கள் நடுவே. அதை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அல்லது தோன்றியும் எடுக்கவில்லை. மூன்று மாதிரிக் கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலை இழுத்துக் கீழே ஒரு கோடாகப் போட்டிருந்தான். பகவதிப்பெருமாள் கட்டை மூடினான். அதற்குப் பிறகு கே எழுத்தில் எதையாவது எடுக்கவேண்டி வந்தால் விரலால் தடவி, வேண்டியதை உருவிக்கொண்டு சட்டென்று மூடிவிடுவான். அப்படிச் செய்கிறோம் என்று அவனுக்கே தெரியாது.

மேட மாசம் முடிந்து இடவ மாசம் பிறந்தது. ஒருநாள் பேப்பரில் கரமனை எஸ். கல்யாணராம ஐயர், ரெவின்யூ இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர், காலமானார் என்று வந்திருந்தது. பெட்டியில் கரமனை எஸ். கல்யாணராமன் என்று ஒரே ஒரு அட்டைதான் இருந்தது. உருவினான், மூடினான், முத்திரை குத்தினான். அட்டையின் கீழ்வரியில், ஓய்வு பெற்ற ஹைஸ்கூல் அஸிஸ்டெண்ட் என்று எழுதியிருந்தது. இன்னும் ஒரு நொடி பார்த்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும்.

சில நாள் கழித்து அம்பாசமுத்திரத்து பாங்கு ஒன்றிலிருந்து வசூலுக்கு ஒரு செக் வந்தது. கையெழுத்து எஸ். கல்யாணராமன். பகவதிப்பெருமாள் தகரப் பெட்டியைப் பார்த்தான். செக்கோடு ஒரு துண்டுச்சீட்டு வைத்து, பணம் கொடுக்காததற்குக் காரணம், கையெழுத்திட்டவர் காலமாகிவிட்டார் என்று எழுதினான். அருமைநாயகம் ஒப்புக் கையெழுத்துப் போட்டார். அன்றைய தபாலிலேயே திருப்பி அனுப்பியாயிற்று.

அடுத்த வாரம் மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு காலைவேளையில், கறுப்புக் குடையும் புதிதாகச் சவரம் செய்த முகமுமாக ஒரு வயசான ஐயர் மாடிப்படி ஏறி வந்தார். கவுண்டரில் செக்கையும் துண்டுச்சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இதிலே இருக்கற கையெழுத்து என்னுதாக்கும். அதிலே சம்சயம் ஒண்ணும் இல்லை," என்றார். "இந்தத் துண்டிலே எழுதியிருக்கறதைப் பத்தி ரெண்டு வார்த்தை கேட்டுண்டு போகலாம்னு வந்தேன்."

அருமைநாயகம் வாசித்துவிட்டு எழுந்து நின்றார். "சார், இருங்க. தயவுசெய்து இருங்க."

"இருக்கேன். அதைச் சொல்லத்தானே பஸ் ஏறி வந்திருக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை. கீழே மிளகாய் மண்டியில் மூட்டை புரட்டினார்கள் போல. வரிசையில் நின்றிருந்த ஒருவர் தும்மினார். எழுதியது யார் என்று ஐயர் கேட்டார். பகவதிப்பெருமாள் ஸ்டூலிலிருந்து எழுந்தான்.

"நான்தான் சார்."

"நான் செத்ததை நீ பார்த்தியோ?"

"இல்ல சார். பேப்பர்ல பாத்தேன்."

"பேப்பர்ல போட்டது மேலாத்து கல்யாணராமன். என் சித்தப்பா பிள்ளை. நான் கீழாத்து கல்யாணராமன். கரமனையிலே எந்தப் பசுமாட்டைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்குமேடா."

தாத்தா பேர் கல்யாணராமன். அவருக்கு இரண்டு பிள்ளைகள், சுப்பிரமணியன், சங்கரன். இருவரும் வழக்கப்படி தலைச்சன் பிள்ளைக்குத் தகப்பனார் பேரை வைத்தார்கள். இருவர் முதலெழுத்தும் எஸ். ஒரே தெரு, ஒரே கோத்திரம், ஒரே பேர். தெருவில் மேல் வீட்டுக்காரர் மேலாத்து, கீழ் வீட்டுக்காரர் கீழாத்து என்று சொல்லிக் குழப்பமில்லாமல் அறுபது வருஷம் ஓட்டிவிட்டார்கள். மேலாத்துக்காரருக்கு இந்த பாங்கில் கணக்கே கிடையாது.

ஏஜெண்ட் தம் அறையிலிருந்து வந்து கையைக் கூப்பினார். மலையாளத்தில் என்னென்னவோ சொன்னார். ஐயர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், ஹெட் ஆபீஸுக்கு ஒரு கடுதாசு எழுதி வீட்டில் வைத்திருப்பதாகவும், தபாலில் சேர்க்கவேண்டியதுதான் பாக்கி என்றும் சொன்னார். அருமைநாயகம் பகவதிப்பெருமாளைப் பார்த்தார். பகவதிப்பெருமாள் அண்ணனின் நாற்காலியைப் பார்த்தான். அதன்மேல் கட்டுகள் இருந்தன. போய்விட்டது என்று நினைத்தான். பூதப்பாண்டி அடுக்களையில் அம்மை ஓரமாக உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தான். அதற்கும் ஒன்றும் தோன்றவில்லை.

"எனக்காகன்னா நான் சிரிச்சுட்டுப் போயிருப்பேன்," என்றார் ஐயர். "ஆத்துக்காரி சமாதானம் ஆகலை. இந்தப் பையன் வந்து அவகிட்ட சொல்லட்டும். அவ வேண்டாம்னா நான் கடுதாசைக் கிழிச்சுடறேன். வேணும்னா போடத்தான் போறேன்."

அண்ணனின் குடையை எடுத்துக்கொண்டு பகவதிப்பெருமாள் அவர் பின்னால் இறங்கினான். கரமனை பஸ்ஸில் இருவரும் முன்பின் சீட்டில் உட்கார்ந்தார்கள். பாலம் தாண்டும்போது ஆற்றில் செம்மண் தண்ணீர் கரை முட்ட ஓடியது.

வீட்டில் அவனை ரேழியில் நிறுத்திவிட்டு அவர் உள்ளே போனார். வாலாம்பாள் மாமி வாசற்படிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். கனத்த உடம்பு, மூக்கில் இரண்டு பக்கமும் வைரம். அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவனா? கொழந்தையான்னா இருக்கான்," என்றாள், உள்ளே பார்த்து. பிறகு அவனிடம் ஆரம்பித்தாள். சொல்லச் சொல்லக் குரல் ஏறிக்கொண்டே போனது.

அவர்கள் ஒரே பெண் விஜயலக்ஷ்மியைக் கல்லிடைக்குறிச்சியில் கொடுத்திருந்தது. தலைச்சன், எட்டாம் மாசம், சீமந்தத்துக்கு நாள் பார்த்திருந்தது. அந்த நேரம் பார்த்து மேலாத்துக் கல்யாணராமன் போனார். பங்காளித் தீட்டு, பத்து நாள் எங்கும் போகக்கூடாது. பெண்ணின் சீமந்தத்துக்குத் தகப்பனும் தாயும் போக முடியாமல் ஆயிற்று. சீருக்கு உள்ளதையாவது அனுப்பலாம் என்று செக் எழுதித் தபாலில் அனுப்பினார் இவர். போன செக் திரும்பி வந்தது, எழுதினவர் செத்துவிட்டார் என்று. சம்பந்தி அம்பாசமுத்திரத்து பாங்கிலேயே வாசித்தார். பாங்குக்காரன் பொய் எழுதுவானா? அங்கேயே வாய்க்காலில் முழுக்குப் போட்டுவிட்டு ஈர வேஷ்டியோடு வீட்டுக்குப் போனார். சீமந்தம் நின்றது. பிள்ளைத்தாச்சியிடம் தகப்பன் செத்தான் என்று எப்படிச் சொல்வது? சொல்லவும் முடியாது, மகளுக்குத் தீட்டு உண்டு, குளிப்பாட்டாமல் விடவும் முடியாது. ஏதோ கிரகணம் என்று பொய் சொல்லித் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள்.

"பஞ்சாங்கம் பார்க்கத் தெரிஞ்ச பொண்ணு அவ," என்றாள் மாமி. "கிரகணம் இல்லைன்னு அவளுக்குத் தெரியாதோ? ஒருத்தரையும் ஒண்ணும் கேக்கலையாம். மூணு நாள் சுவத்தைப் பார்த்துண்டு படுத்துண்டிருந்தாளாம். அழவும் இல்லையாம்."

மாப்பிள்ளை ரயிலேறி இங்கே வந்தார். தெருமுனையிலேயே தெரிந்தவர்கள் துக்க முகத்தோடு நின்றார்கள், மேலாத்துத் துக்கத்துக்கு. வாசலில் கோலம் இல்லை. மாமி நெற்றியில் குங்குமம் மட்டும் இருந்தது, அதை அவர் பார்க்கவில்லை. ரேழியில் விழுந்து, மாமா போயிட்டாரே என்று அழுதார். கொல்லைப்புறத்திலிருந்து மாமனார் உடம்பைத் துடைத்துக்கொண்டே வந்து, யார் போனது என்று கேட்டார்.

"மயக்கம் போட்டுட்டான், பாவம்," என்று உள்ளேயிருந்து ஐயர் குரல் வந்தது. "என் சாவுக்கு மாப்பிள்ளை இந்த மட்டும் அழுவான்னு தெரிஞ்சுண்டேன். அது ஒரு லாபம்."

"நீங்க சித்த சும்மா இருங்கோ. ஆயுசு நூறுன்னு ஊர்ல எல்லாரும் சொல்றா. சொல்லிண்டு போயிடறா. அவ படுத்துண்டு கிடந்ததுக்கு யார் பதில் சொல்றது?"

பகவதிப்பெருமாளுக்குச் சொல்லவேண்டியது என்ன என்று தெரியும். பாங்கிலேயே அருமைநாயகம் சொல்லிக்கொடுத்திருந்தார். அதைச் சொல்ல வாய் திறந்தான். "தப்புதாம்மா," என்றான். அதற்கு மேல் பாக்கி இருந்தது ஞாபகத்துக்கு வரவில்லை. குடையிலிருந்து தண்ணீர் சொட்டி ரேழித் தரையில் ஓடியது. குனிந்து குடையைச் சுவரோரம் நகர்த்தி வைத்தான்.

அவன் குனிந்தபோது மாமி அவன் தலையைப் பார்த்தாள்.

"தலை ஏன் இப்படி இருக்கு? திருச்செந்தூருக்கு நேர்ந்துண்டயோ?"

"இல்லேம்மா. அண்ணன் தவறிப்போனான்."

"எப்போ?"

"கும்ப மாசம்."

மாமி வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். கூடப் பிறந்தவர்கள் வேறு யார், அம்மா இருக்கிறாளா, அண்ணனுக்குக் கல்யாணம் ஆயிருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவன் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னான். கல்யாணம் ஆகவில்லை, பேச்சு நடந்துகொண்டிருந்தது. உள்ளேயிருந்து ஐயர் வந்து மாமிக்குப் பின்னால் நின்றார்.

"உங்க அண்ணா பேரென்ன?" என்று கேட்டார்.

"குற்றாலலிங்கம். பாங்கிலதான், எனக்குப் பக்கத்து..." என்று சொல்லி நிறுத்தினான்.

ஐயர் ஒரு அடி முன்னால் வந்தார்.

"அவனா போயிட்டான்?" என்றார். "இன்னிக்குக்கூட அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துட்டுத்தானே வந்தேன். லீவுன்னாக்கும் நெனைச்சேன். அவன் இருந்திருந்தா இப்படி ஆகியிருக்காதேன்னு படியிறங்கறபோதுகூட நெனைச்சுண்டேன்." மாமியிடம் சொன்னார்: "சொல்லியிருக்கேனே, கீழாத்து ஸார் வாங்கோன்னு விளிப்பான்னு. நாஞ்சில்நாட்டுப் பையன், அக்ரஹாரத்திலே காலே வெச்சதில்லை. எப்படியோ தெரிஞ்சு வெச்சுண்டிருந்தான்."

அவன் முகத்தைப் பார்க்க ஐயருக்கு முடியவில்லை போல. தெருப்பக்கம் பார்த்துக்கொண்டு, "நான் போயிட்டேன்னு கல்லிடைக்குறிச்சி வரைக்கும் சொல்லத் தெரிஞ்சுது. அவன் போனதை என்கிட்ட ஒருத்தரும் சொல்லலை," என்றார்.

மாமி எழுந்து உள்ளே போய் ஒரு தம்ளர் மோர் கொண்டுவந்து படியில் வைத்தாள். அவன் தூக்கிக் குடித்தான். உப்பு சரியாக இருந்தது. பெருங்காயம் மணத்தது. தம்ளரைக் கழுவ எழுந்தவனை, வெச்சுடு, நான் பார்த்துக்கறேன் என்றாள்.

"உங்கம்மா சாப்பிடறாளோ?"

"சாப்பிடுதா," என்றான்.

சொன்ன பிறகு யோசித்துப் பார்த்தான். அம்மை அவனுக்குப் பரிமாறுவாள். அவன் எழுந்த பிறகு பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்கும். அவள் சாப்பிட்டு அவன் பார்த்ததாக ஞாபகம் இல்லை. கும்ப மாசத்துக்குப் பிறகு ஒரு தடவைகூட.

"அந்தக் கடுதாசு எங்கே இருக்கு?" என்று மாமி கணவரிடம் கேட்டாள்.

"அலமாரியிலே."

"அடுப்பிலே போடுங்கோ."

அவ்வளவுதான். படி இறங்கும்போது மாமி பின்னாலிருந்து, மழையில் நனைந்தால் தலையைத் துவட்டாமல் இருக்காதே என்றாள்.

ஆனால் காரியம் அதோடு முடியவில்லை. செக்கைத் தவறாகத் திருப்பியதை அம்பாசமுத்திரத்துக்காரர்கள் எழுதிக் கேட்டிருந்தார்கள். ஹெட் ஆபீஸிலிருந்து ஏஜெண்டுக்கு விளக்கம் கேட்டு வந்தது. கல்யாணராமன் தாமே வந்து, தமக்குப் புகார் ஏதும் இல்லை, பையனை மன்னிக்கவேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். எழுதிய பிறகு ஒரு சங்கடம். பாங்கின் கணக்குப்படி அவர் இறந்தவர். அவர் கையெழுத்தை ஒத்துப்பார்க்க உயிருள்ள அட்டை இல்லை. புதிதாக ஒரு அட்டை போட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். "அதே கையெழுத்துத்தான். செத்துப் பிழைச்சதிலே கொஞ்சம் நடுங்கறது," என்றார் ஐயர். பெண்ணுக்கு வேறு நாள் பார்த்துச் சீமந்தம் நடந்ததாகவும், தாம் நேரில் போய் நின்றதாகவும், தம்மைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் அவள் அழுததாகவும் அருமைநாயகத்திடம் சொன்னார். பிறகு காலி நாற்காலியை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார்.

ஏஜெண்ட் ஒரு புது விதி செய்தார். பேப்பரைப் பார்த்து மட்டும் இனிமேல் யாரையும் தகரப் பெட்டியில் போடக்கூடாது. இறந்தவரை நேரில் அறிந்த ஒருவர், அவர் இன்னார், எனக்கு நேரில் தெரியும், இறந்துவிட்டார் என்று எழுதிக் கையெழுத்திடவேண்டும். அதற்குப் பிறகுதான் முத்திரை. ஹெட் ஆபீஸில் அந்த விதி பிடித்துப்போயிற்று என்று கேள்வி. கர்க்கடகத்தில், மழை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்தபோது, ரிசல்ட்டும் வந்தது, உத்தரவும் வந்தது. இரண்டாம் வகுப்பில் பாஸ். குற்றாலலிங்கத்தின் காலியிடத்தில் பகவதிப்பெருமாளை நியமித்திருக்கிறது; முன்னவருடைய கணக்கை முடித்து அட்டையை நீக்கியதும் வேலை ஏற்கலாம்.

அருமைநாயகம் நாற்காலியிலிருந்து கட்டுகளை எடுத்துத் தரையில் வைத்தார். துணியால் துடைத்தார். கே எழுத்துக் கட்டைப் பிரித்து அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள்.

"நான் எழுதுகேன்டே," என்றார். "எனக்கும் நேர்ல தெரியும்லா. நீ அங்கிட்டுப் போய் இரு."

பகவதிப்பெருமாள் அட்டையைப் பார்த்தான். இதற்கு முன் அதை இவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை. முதல் கையெழுத்துக்கும் மூன்றாவதற்கும் வித்தியாசமே இல்லை. மூன்றின் அடியிலும் அந்தக் கோடு.

"வேண்டாம் சார். என்னால வந்த விதிலா. நானே எழுதுகேன்."

பேனாவை மையில் தொட்டு எழுதினான். ஆரியசாலை குற்றாலலிங்கம், இந்த பாங்கில் கிளார்க், வயது இருபத்தேழு. எனக்கு நேரில் தெரியும். உறவு, அண்ணன். அதற்கு மேல் எழுதவேண்டியது ஒரே சொல். பேனா நின்றது. காப்பி வாங்கப் போயிருந்த நேரத்தில் நடந்தது அது. அவன் பார்க்கவில்லை. நான் செத்ததை நீ பார்த்தியோ என்று ஐயர் கேட்டது ஞாபகம் வந்தது. மை காய்ந்துவிட்டது, மறுபடி தொட்டான். இறந்துவிட்டான் என்று எழுதினான். மரியாதைக்கு இறந்துவிட்டார் என்றல்லவா எழுதவேண்டும் என்று பிறகுதான் உறைத்தது. அருமைநாயகம், இருக்கட்டும் என்றார்.

முத்திரையை அவனே குத்தினான். மை ஓரத்தில் கொஞ்சம் தீற்றிவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மழை நின்றிருந்தது. குடையைத் தூணில் மாட்டினான். அம்மையிடம் நியமன உத்தரவு வந்த செய்தியைச் சொன்னான். பூதப்பாண்டிக்குப் போகவேண்டாம் என்றான். அவள் தலையாட்டினாள். பிறகு அவன் சட்டையைக் கழற்றிவிட்டுக் கிணற்றடிக்குப் போய், வாளியை இறக்கி, முதல் வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டான். கர்க்கடகத்துத் தண்ணீர் சில்லென்று இருந்தது. இன்னொரு வாளி இறைத்தான். கிரகணம் என்று பொய் சொல்லி ஊற்றிய தண்ணீரில் நின்ற, அவன் பார்த்திராத அந்தக் கல்லிடைக்குறிச்சிப் பெண்ணை நினைத்தான். இன்னொரு வாளி. தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. தண்ணீர் விழும் சத்தத்தில் அது பெரிதாகக் கேட்கவில்லை.

இந்த நேரத்தில் என்ன குளி என்று அம்மை கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. துவர்த்தை எடுத்துக்கொண்டு வந்து, அவன் ஊற்றி முடிக்கும்வரை கிணற்றடியில் நின்றாள். பிறகு அவனைக் குனியச் சொல்லித் தலையைத் துவட்டினாள். முடி இப்போது கைக்குப் பிடிபடும் அளவுக்கு வளர்ந்திருந்தது.

"நீ சாப்பிட்டியா?" என்று துவர்த்துக்குள்ளிருந்து கேட்டான்.

அவள் கை ஒரு கணம் நின்றது. "வா. ரெண்டு பேரும் உண்ணலாம்," என்றாள்.